துருவக் கடல்பனியின் நீண்டகால மாற்றத்தை ஆராய்வது எப்படி: தரவைத் திறப்பதிலிருந்து முடிவை எழுதுவது வரை

கடல்பனித் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. கோப்பும் சிறியது. அதனாலேயே புதிதாக வருபவர்கள் கோப்பை இறக்கிய கையோடு ஒரு போக்குக்கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். கோடு கீழே இறங்குகிறது, வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. யாராவது "இது பரவலா, பரப்பளவா? 1987 டிசம்பரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால்தான் சிக்கல் தெரியவரும்.

இந்த வேலையில் கோடு போடுவது ஏழாவது படி. பெரும்பாலான பிழைகள் அதற்கு முந்தைய ஆறு படிகளிலேயே நுழைந்துவிடுகின்றன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் எட்டுப் படிகளுக்கு ஒரு விரிதாள் மென்பொருள் போதும். ஒன்பதாவது படிக்குப் பைத்தான் நிரல்மொழி தேவைப்படும். பாண்டாஸ், எக்ஸ்அரே என்ற அதன் இரண்டு நிரல்தொகுப்புகளும் ஓரளவு பழகியிருந்தால் சரி.

புள்ளியியலில் சராசரி, திட்ட விலக்கம், நேர்கோட்டுப் பொருத்தம் ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். தன்தொடர்பு என்ற ஒன்றைப் போகிற போக்கில் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு குறிப்பேடு. இறக்கிய கோப்பின் பெயர், பதிப்பு எண், இறக்கிய தேதி மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். தரவு மையங்கள் பழைய ஆண்டுகளின் எண்களையும் அவ்வப்போது திருத்துகின்றன. பதிப்பு தெரியாவிட்டால், ஆறு மாதம் கழித்து உங்கள் எண் உங்களுக்கே ஒத்துவராது.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"துருவப் பனி குறைகிறதா?" என்பதை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. "1979 முதல் இன்றுவரை ஆர்க்டிக்கின் செப்டம்பர் மாதச் சராசரிப் பரவல் பத்தாண்டுக்கு எவ்வளவு மாறியிருக்கிறது?" என்று கேட்டால் போடலாம். எந்தத் துருவம், எந்த மாதம், எந்த அளவு, எந்தக் காலம் ஆகிய நான்கும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடல்பனி என்பது கடல்நீரே உறைந்து மிதப்பது. கிரீன்லாந்தின் மீதும் அண்டார்க்டிக்கா நிலத்தின் மீதும் கிடக்கும் பனிப்பாளம் வேறு. அந்தப் பாளத்திலிருந்து கடலுக்குள் நீண்டு மிதக்கும் பனித்தட்டும் வேறு. கடல்பனி ஏற்கெனவே மிதப்பதால் அது உருகினாலும் கடல்மட்டம் நேரடியாகக் குறிப்பிடும்படி உயராது. இந்த மூன்றையும் கலந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். உங்களுடையதும் அதில் சேர வேண்டாம்.

2. பரவலா, பரப்பளவா என்று முடிவு செய்யுங்கள்

செயற்கைக்கோள் தரவு கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை விழுக்காடு பனி என்று சொல்கிறது. இதுதான் செறிவு. 15 விழுக்காடோ அதற்கு மேலோ செறிவுள்ள கட்டங்களின் முழுப் பரப்பையும் கூட்டினால் கிடைப்பது பரவல். ஒவ்வொரு கட்டத்தின் பரப்பையும் அதன் செறிவால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது பரப்பளவு.

பரப்பளவுதான் துல்லியமானது என்று தோன்றும். கோடையில் அந்தத் துல்லியம் ஏமாற்றும். பனியின் மேல் உருகுநீர்க் குட்டைகள் தேங்கும்போது, மேலிருந்து பார்க்கும் நுண்ணலைக் கருவிக்கு அந்தக் குட்டையும் திறந்த கடலும் ஒன்றுபோலவே தெரியும். அடியில் பனி இருந்தும் பரப்பளவு குறைத்துக் காட்டப்படும். பரவலில் இந்தப் பாதிப்பு குறைவு. நீண்டகாலப் போக்குக்குப் பரவலைப் பலரும் தேர்வது இதனால்தான்.

பரவலுக்கும் ஒரு குறை உண்டு. காற்று பனித்துண்டுகளை நெருக்கித் தள்ளினால், ஒரு துளிகூட உருகாமலேயே பரவல் குறையும். எனவே ஓரிரு நாள் வீழ்ச்சியை உருகலாக எழுதிவிடாதீர்கள். முதல் ஆய்வுக்குப் பரவலைத் தேர்ந்துகொண்டு, பரப்பளவைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

3. ஒரே தரவுத் தொகுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தொடங்க எளிதானது, அமெரிக்காவின் போல்டர் நகரில் இருக்கும் தேசியப் பனித் தரவு மையம் வெளியிடும் கடல்பனிக் குறியீடு. இரு துருவங்களுக்கும் மாதவாரியாகவும் நாள்வாரியாகவும் எளிய அட்டவணைக் கோப்புகள் அதில் கிடைக்கும். ஐரோப்பாவின் ஓசிசாஃப் தொகுப்பும் நம்பகமானதே.

இரண்டும் நல்லவை. ஆனால் முதல் பாதியை ஒன்றிலிருந்தும் மீதியை மற்றொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டக் கூடாது. செறிவைக் கணக்கிடும் முறை தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். நாசா டீம் என்ற முறைக்கும் பூட்ஸ்ட்ராப் என்ற முறைக்கும் ஒரே நாளில் ஒரே கடலுக்கு வெவ்வேறு விடை வரும். ஒட்டிய இடத்தில் உருவாகும் படிக்கட்டு, உங்கள் போக்குக்கோட்டில் பருவநிலை மாற்றம்போல வேடமிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

1979க்கு முந்தைய காலத்துக்கு ஆசைப்படுபவர்கள் உண்டு. கப்பல் குறிப்புகள், வரைபடங்கள் ஆகியவற்றிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை நீளும் மீட்டுருவாக்கங்கள் இருக்கின்றன. பின்னணி சொல்ல அவை உதவும். செயற்கைக்கோள் தொடருடன் சேர்த்து ஒரே கோடாகப் பொருத்துவதற்கு அவை ஆகாது. அளவிட்ட விதமே வேறு.

4. கோப்பைத் திறந்ததும் கண்ணால் பாருங்கள்

சராசரி எடுப்பதற்கு முன் எண்களை ஒருமுறை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அதில் தேட வேண்டியவை இவை.

விடுபட்ட மதிப்புகள். மாதவாரிக் கோப்பில் தரவு இல்லாத இடத்தில் -9999 என்று இருக்கும். அதை வெற்றிடமாக மாற்றாமல் சராசரி எடுத்தால் ஆர்க்டிக்கில் பனி எதிர்மறையில் போய்விடும். அந்த அளவு அபத்தம் உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு.

ஆபத்தானது, அதை நீக்கிய பிறகு வருவது. 1987 டிசம்பர் 3 முதல் 1988 ஜனவரி 12 வரை செயற்கைக்கோள் தரவு இல்லை. அதனால் அந்த இரு மாதங்களுக்கும் மாதச் சராசரி கிடையாது. இதைக் கவனிக்காமல் ஆண்டுச் சராசரி எடுத்தால் 1988க்குப் பதினோரு மாதங்கள்தான் கணக்கில் வரும். விடுபட்ட ஜனவரியில் ஆர்க்டிக் பனி அதிகம், அதனால் அங்கே அந்த ஆண்டின் சராசரி பொய்யாகக் குறையும். அண்டார்க்டிக்காவில் ஜனவரி கோடைக்காலம், பனி மிகக் குறைவு, அதனால் அங்கே சராசரி பொய்யாக உயரும். ஒரே ஓட்டை, இரு துருவங்களிலும் எதிரெதிர்த் திசையில் பிழை! ஆண்டுச் சராசரி தேவையென்றால் அந்த இரு ஆண்டுகளையும் விட்டுவிடுங்கள், அல்லது விலகலைக் கொண்டு நிரப்புங்கள் (ஆறாவது படியில் வருகிறது).

நாள்வாரிக் கோப்பில் இன்னொரு விஷயம். 1987 நடுப்பகுதி வரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அளவு இருக்கும், பழைய கருவி அப்படித்தான் இயங்கியது. 'முந்தைய நாளிலிருந்து மாற்றம்' என்று கணக்கிடும்போது பழைய ஆண்டுகளில் இரண்டு நாள் மாற்றம் ஒரு நாள் மாற்றமாகப் பதிவாகிவிடும். பிப்ரவரி 29ஐயும் மறக்காதீர்கள். ஆண்டின் எத்தனையாவது நாள் என்று வரிசைப்படுத்தினால், லீப் ஆண்டுகளில் மார்ச் முதல் எல்லாம் ஒருநாள் தள்ளிப்போகும்.

கடைசியாக அலகு. கோப்பில் மதிப்புகள் மில்லியன் சதுர கி.மீ.யில் இருக்கும். ஒரு மில்லியன் பத்து லட்சம். 3.57 என்பது 35.7 லட்சம். தமிழில் எழுதும்போது இந்த ஒரு தசமப் புள்ளி சறுக்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.

5. கருவி மாறிய இடங்களைக் குறித்துவையுங்கள்

இந்தத் தொடர் ஒரே கருவியால் எடுக்கப்பட்டதல்ல. 1978 அக்டோபர் இறுதியில் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் தொடங்கி, 1987இல் அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள் வரிசைக்கு மாறி, அந்த வரிசைக்குள்ளேயே பலமுறை கைமாறி வந்திருக்கிறது. நுண்ணலையைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது: துருவ இரவிலும் மேகத்தின் ஊடேயும் அது வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு தையல். தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

மிகத் தெளிவான தையல், துருவ ஓட்டை. செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை வடதுருவத்துக்கு நேர் மேலாகப் போவதில்லை. அதனால் துருவத்தைச் சுற்றி ஒரு வட்டம் அளக்கப்படாமல் நிற்கும். நிம்பஸ்-7 காலத்தில் அந்த வட்டம் சுமார் 11.9 லட்சம் ச.கி.மீ. 1987க்குப் பிறகு சுமார் 3.1 லட்சம். 2008 முதல் சுமார் 29,000 மட்டுமே.

கடல்பனிக் குறியீட்டின் பரவல் கணக்கில் அந்த வட்டம் முழுக்கப் பனி என்று கொள்ளப்படுகிறது, எனவே பிரச்சினையில்லை. பரப்பளவு கணக்கிலோ அந்த வட்டம் சேர்க்கப்படுவதில்லை. விளைவு என்ன? 1987இல் ஓட்டை சுருங்கியதும், கடலில் ஒன்றுமே நடக்காமல் ஆர்க்டிக் பரப்பளவு எட்டு லட்சத்துக்கும் மேல் எகிறும். 2008இல் இன்னொரு தாவல், சுமார் 2.8 லட்சம். பரப்பளவு நெடுவரிசையை அப்படியே எடுத்துக் கோடு போடுபவர் உண்மையான குறைவில் ஒரு பங்கை இந்தத் தாவல்களிடம் பறிகொடுக்கிறார்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். எல்லா ஆண்டுகளிலும் மிகப் பெரிய ஓட்டையின் அளவுக்கே விலக்கிக் கணக்கிடலாம், அல்லது ஓட்டையின் விளிம்பிலுள்ள கட்டங்களின் செறிவைக் கொண்டு உள்ளே நிரப்பலாம். முதலாவது எளிது, சந்தேகத்துக்கும் இடம் தராது. அதையே பரிந்துரைப்பேன்.

சில தையல்கள் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. 2014இல் இயன் ஐசன்மன் குழுவினர், பூட்ஸ்ட்ராப் தொகுப்பின் இரு பதிப்புகளுக்கிடையே 1991 டிசம்பர் கருவி மாற்றத்தை ஒட்டி ஒரு தாவல் இருப்பதைக் காட்டினார்கள். அதைப் பொறுத்து அண்டார்க்டிக் போக்கின் அளவே கணிசமாக மாறியது. தொழில்முறை ஆய்வாளர்கள் கையிலேயே இது நடந்திருக்கிறது. எனவே உங்கள் வரைபடத்தில் கருவி மாறிய ஒவ்வொரு தேதியிலும் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு போட்டுவையுங்கள். சந்தேகத்துக்குரிய தாவல் அந்தக் கோட்டின் மேல் வந்தால், முதலில் கருவியைச் சந்தேகியுங்கள்.

6. பருவத்தைக் கழித்து விலகலை எடுங்கள்

ஆர்க்டிக் பரவல் மார்ச் வாக்கில் உச்சத்தையும் செப்டம்பரில் தாழ்வையும் தொடுகிறது. 1981–2010 சராசரிப்படி மார்ச்சில் சுமார் 1.54 கோடி ச.கி.மீ., செப்டம்பரில் சுமார் 64 லட்சம். இந்த ஊசலின் முன்னால் நீண்டகால மாற்றம் சிறியது. எல்லா மாதங்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் ரம்பப் பல்தான் தெரியும்.

ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியே 1981–2010 சராசரியைக் கணக்கிட்டு, அந்தந்த மாத மதிப்பிலிருந்து கழியுங்கள். ஜனவரியிலிருந்து ஜனவரிச் சராசரி, பிப்ரவரியிலிருந்து பிப்ரவரிச் சராசரி. மீதி இருப்பதுதான் விலகல். மொத்த ஆண்டுச் சராசரியைக் கழிப்பது அடிக்கடி காணும் பிழை. அதில் பருவம் போகாது, ரம்பம் அப்படியே இருக்கும்.

அடிப்படைக் காலத்தை ஆய்வின் நடுவில் மாற்றாதீர்கள். 1991–2020க்கு மாறினால் ஒவ்வொரு மாதத்தின் விலகல்களும் அந்தந்த மாதத்துக்குரிய ஓர் அளவில் நகரும். சரிவு மாறாது, ஆனால் விழுக்காடு மாறும்.

7. இப்போது போக்குக்கோடு

முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் எடுத்துக் கழிக்கக் கூடாது. ஏன் என்று எண்ணில் பாருங்கள். 1979 செப்டம்பர் சராசரி 70.5 லட்சம். 2012 செப்டம்பர் 35.7 லட்சம். கழித்து 33ஆல் வகுத்தால் ஆண்டுக்கு சுமார் 1.05 லட்சம் ச.கி.மீ. குறைவு என்று வரும். எல்லா ஆண்டுகளையும் சேர்த்து நேர்கோடு பொருத்தினாலோ ஆண்டுக்கு முக்கால் லட்சத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 2012 சாதனைத் தாழ்வு என்பதால் இரு முனைக் கணக்கு மிகைப்படுத்திவிட்டது.

எதிர்ப்பக்கமும் இதே தவறு நடக்கும். 2013 செப்டம்பரில் பரவல் சுமார் 52 லட்சத்துக்கு ஏறியது. ஒரே ஆண்டில் 45 விழுக்காட்டுக்கும் மேல் உயர்வு! பனி மீண்டுவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். 1995இலிருந்து 1996க்கும் சுமார் 15 லட்சம் ஏறியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் இந்த அளவில் இருக்கும்போது ஒற்றை ஆண்டு எதையும் நிரூபிக்காது.

தொடக்க ஆண்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 2007இலிருந்து மட்டும் எடுத்தால் செப்டம்பர் போக்கு கிட்டத்தட்டத் தட்டையாகத் தெரியும். அது பொய்யல்ல, அந்தக் காலத்தில் உண்மையிலேயே குறைவு மந்தமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் 2007 தானே ஒரு பெரும் வீழ்ச்சி ஆண்டு. அங்கே தொடங்கினால் உச்சிப் பகுதி முழுதும் வெட்டப்பட்டுவிடுகிறது. என் பழக்கம், தொடக்க ஆண்டை ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிவை மறுபடி மறுபடி கணக்கிட்டு எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டுவது. வாசகர் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

சரிவோடு பிழைவரம்பும் கொடுக்க வேண்டும். மாதவாரி விலகல்களை வைத்துக் கணக்கிட்டால், 45 ஆண்டுகளுக்கு 540 புள்ளிகள் இருப்பதாக மென்பொருள் நம்பி மிகக் குறுகிய வரம்பைத் தரும். அந்தப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று சுதந்திரமானவை அல்ல. இந்த மாதம் பனி குறைவென்றால் அடுத்த மாதமும் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். போக்கை நீக்கிய மிச்சங்களில் அடுத்தடுத்த மாதத் தன்தொடர்பை 'அ' என்று வைத்துக்கொண்டு, புள்ளிகளின் எண்ணிக்கையை (1−அ)/(1+அ)ஆல் பெருக்குங்கள். 'அ' 0.8 என்றால் 540 புள்ளிகள் வெறும் 60க்குச் சமம். வரம்பு மூன்று மடங்கு அகலும். செப்டம்பர் மட்டும் என்று ஆண்டுக்கொரு புள்ளி எடுப்பதில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதற்கு இதுவே காரணம்.

விழுக்காட்டில் சொல்லும்போது வகுத்த எண்ணையும் சொல்லுங்கள். செப்டம்பர் குறைவு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு, மார்ச் குறைவு ஏறத்தாழ 2.5 விழுக்காடு. ஐந்து மடங்கு வித்தியாசம்போலத் தெரியும். ச.கி.மீ.யில் பார்த்தால் இரண்டு மடங்குதான். வகுக்கும் எண் மார்ச்சில் பெரியது, அவ்வளவே.

8. அண்டார்க்டிக்காவுக்குத் தனிக் கணக்கு

இரு துருவங்களையும் கூட்டி 'உலகக் கடல்பனி' என்று ஒரே எண்ணாகக் கொடுப்பது சுலபம், அதிலிருந்து புரிவது சொற்பம். ஆர்க்டிக் நிலம் சூழ்ந்த கடல். அண்டார்க்டிக்கா கடல் சூழ்ந்த நிலம். தெற்கே பனி வடக்கு நோக்கித் தடையின்றிப் பரவி, கோடையில் பெரும்பகுதி உருகிவிடும். காற்றும் கடல் நீரோட்டமும் அங்கே வேறு விதமாக ஆட்டிவைக்கின்றன.

போக்கின் வடிவமும் வேறு. 1979 முதல் மெல்ல ஏறி, 2014 செப்டம்பரில் 2 கோடி ச.கி.மீ.யைத் தாண்டியது. 2016இல் திடீரென்று சரிந்தது. 2023 பிப்ரவரியில் சுமார் 17.9 லட்சம் என்ற சாதனைத் தாழ்வு, அதே ஆண்டு குளிர்கால உச்சம் 1.7 கோடிக்குச் சற்றுக் கீழே. இந்தத் தொடரில் ஒற்றை நேர்கோடு பொருத்தினால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்று, ஒன்றுமே நடக்காததுபோல ஒரு சரிவு வரும். 2015 வரை ஒரு கோடு, அதன்பின் வேறொன்று என்று பிரித்துக் காட்டுங்கள். ஆனால் இரண்டாம் பகுதி குறுகியது, அதை எதிர்காலத்துக்கு நீட்டாதீர்கள்.

அங்கே கோடை டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகிறது. பருவச் சராசரி எடுக்கும்போது டிசம்பரை அடுத்த ஆண்டின் கணக்கில் சேர்க்க வேண்டும். விரிதாள் இதைத் தானாகச் செய்யாது.

9. பகுதி பகுதியாகப் பிரியுங்கள்

மொத்த எண் உள்ளே நடப்பதை மறைக்கும். அண்டார்க்டிக்காவில் மொத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே ராஸ் கடலில் பனி கூடியது, பெல்லிங்ஸ்ஹாசன், அமுண்ட்சென் கடல்களில் குறைந்தது. ஆர்க்டிக்கில் குளிர்காலக் குறைவு பேரண்ட்ஸ் கடலில் துலங்குகிறது. கோடைக் குறைவோ சுக்ச்சி, கிழக்கு சைபீரியக் கடல் பக்கம்.

இதற்குக் கட்டவாரிச் செறிவுக் கோப்பு வேண்டும். இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, பழைய வகைக் கோப்புகளில் செறிவு 0 முதல் 250 வரையான எண்ணாக இருக்கும், 250ஆல் வகுக்க வேண்டும். 251 துருவ ஓட்டை, 253 கரையோரம், 254 நிலம், 255 தரவில்லை. இவற்றை முதலில் நீக்காவிட்டால் சைபீரியா முழுதும் பனிக்கடலாகிவிடும்.

இரண்டாவது, '25 கி.மீ. கட்டம்' என்ற பெயரை நம்பி ஒவ்வொரு கட்டத்தையும் 625 ச.கி.மீ. என்று கொள்வது. உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் துருவ வரைபட வீழல்முறையில் கட்டத்தின் உண்மைப் பரப்பு இடத்துக்கு இடம் மாறும். வடக்குக் கட்டவலையில் அது 382 முதல் 664 ச.கி.மீ. வரை போகிறது. தரவு மையம் தரும் கட்டப் பரப்புக் கோப்பை இறக்கி அதைக் கொண்டே பெருக்குங்கள். சமபரப்புக் கட்டவலையில் வரும் தொகுப்பென்றால் இந்தத் தொல்லை இல்லை.

கரையோரக் கட்டங்களில் கோடையிலும் மெல்லிய பனி காட்டினால் நம்பாதீர்கள். நிலத்தின் சமிக்ஞை பக்கத்துக் கட்டத்துக்குள் கசிவதால் வருவது அது.

10. தடிமனைத் தொடுவதானால்

முடிந்தால் முதல் ஆய்வில் தொடாதீர்கள். ஐஸ்சாட் 2003 முதல் 2009 வரை, கிரையோசாட்-2 2010 முதல், ஐஸ்சாட்-2 2018 முதல் என்று தொடர் குறுகியது, முறைகளும் வேறு. ஐஸ்சாட் இரண்டும் லேசர், கிரையோசாட் ரேடார். இரு முறைகளும் நீருக்கு மேலே தெரியும் சிறு பகுதியை அளந்து, அதை ஏறத்தாழ பத்து மடங்கு பெருக்கித் தடிமனை ஊகிக்கின்றன. மேலே கிடக்கும் வெண்பனியின் ஆழத்தில் வரும் சிறு பிழையும் அப்படியே பெருகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பயோமாஸ் (PIOMAS) தரும் நீண்ட கன அளவுத் தொடர் ஒரு மாதிரியின் கணிப்பு. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அளவீடு என்று எழுதக் கூடாது.

11. வெளியிடும் முன் சரிபார்த்தல்

அதே கணக்கை இன்னொரு தொகுப்பில் முழுதாக ஓட்டிப் பாருங்கள். தனி மதிப்புகள் சில லட்சம் வேறுபடலாம், அதில் கவலையில்லை. சரிவு பிழைவரம்புக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் விடை அங்கேதான் கிடக்கும்.

தரவு மையம் மாதந்தோறும் வெளியிடும் சரிவோடும் உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள். இரண்டாம் தசமத்தில் வித்தியாசம் வந்தால் பதிப்பு வேறாக இருக்கலாம். முதல் இலக்கமே மாறினால் தவறு உங்களுடையது.

முடிவை எழுதும் வாக்கியத்தில் துருவம், மாதம், அளவு, காலம், சரிவு, பிழைவரம்பு, அடிப்படைக் காலம், தொகுப்பின் பதிப்பு ஆகிய எட்டும் இருக்கட்டும். வாக்கியம் நீளும், பரவாயில்லை. கடைசிச் சில மாதங்களின் மதிப்புகள் உடனடித் தரவிலிருந்து வந்தவை, பின்னால் திருத்தப்படும். அவற்றை வரைபடத்தில் வெற்று வட்டமாகக் காட்டி, இறுதித் தரவு வந்ததும் கணக்கை ஒருமுறை திரும்ப ஓட்டுங்கள்.